தகவல் திருடும் ட்ரோஜன்கள்: தொற்றும் வகையும் நீக்கும் வழியும்

பொருள் திருட்டுக்கும் தகவல் திருட்டுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பொருள் களவு போனால் அது இருந்த இடம் வெறுமையாகிவிடும். உரியவர் விரைவில் அறிந்துகொள்வார். தகவல் களவு போனாலோ அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் படி மட்டும் பிறர் கைக்குச் சென்றுவிடும். கணிப்பொறி வழக்கம் போல இயங்கும், கோப்புகளும் அழிவதில்லை. உரியவர் உணரும்போது வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கும். அல்லது அலுவலக மின்னஞ்சலிலிருந்து அவர் எழுதாத கடிதங்கள் சென்றிருக்கும். வரி செலுத்துவது முதல் உதவித்தொகை வழங்குவது வரை அரசுப் பணிகள் பலவும் இணையத்தின் வழியே நடைபெறும் இந்நாளில், இவ்வகைத் திருட்டின் இயல்பை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பெயரும் பொருளும்

ட்ராய் நகரைப் பத்தாண்டுகள் முற்றுகையிட்டும் கிரேக்கர்களால் அதன் மதிலைத் தகர்க்க இயலவில்லை என்பது பழங்கதை. இறுதியில் அவர்கள் பெரிய மரக்குதிரை ஒன்றைச் செய்து, அதனுள் வீரர்களை ஒளித்துவைத்து, வாயிலில் விட்டுச் சென்றனர். அதை நகருக்குள் இழுத்துச் சென்றவர்கள் நகர மக்களே. ட்ரோஜன் என்னும் பெயர் இக்கதையிலிருந்து பிறந்ததாகும்.

வைரஸ் நிரல் தன்னைத் தானே படியெடுத்துப் பிற கோப்புகளில் ஒட்டிப் பரவும். ட்ரோஜனுக்கு அவ்வியல்பு இல்லை. அது பயனுள்ள நிரல் போலவோ, தேவையான ஆவணம் போலவோ தோற்றம் காட்டும்; கணிப்பொறியைப் பயன்படுத்துவோரே தம் கையால் அதை இயக்கிவைப்பர். ஆகவே இதைத் தடுப்பதில் கருவிகளுக்கு உள்ள பங்கைக் காட்டிலும் பயன்படுத்துவோரின் விழிப்புணர்வுக்குள்ள பங்கு பெரிது.

தொற்றும் வழிகள்

முதலாவது, மின்னஞ்சல் இணைப்பு. விலைப் பட்டியல், வரி அறிவிப்பு, கூரியர் தகவல் என்னும் பெயர்களில் இவை வரும். விண்டோஸ் இயக்க முறைமை, தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. எனவே ‘பட்டியல்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்னும் நிரல், ‘பட்டியல்.பிடிஎஃப்’ என்னும் ஆவணமாகவே கண்ணுக்குத் தெரியும். சில வேளைகளில் இணைப்பு, கடவுச்சொல் இட்டுச் சுருக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் கடிதத்திலேயே தரப்பட்டிருக்கும். வைரஸ் தடுப்பு நிரல் அதைத் திறந்து சோதிக்க இயலாமற் செய்வதே இதன் நோக்கமாகும்.

இரண்டாவது, உரிமமின்றி வழங்கப்படும் மென்பொருள்களும் விளையாட்டுகளும். இவற்றுடன் வரும் குறிப்பு, ‘நிறுவுமுன் வைரஸ் தடுப்பு நிரலை நிறுத்தி வைக்கவும்’ என்று சொல்வது வழக்கம். காவலரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பதற்கு இது ஒப்பாகும்.

மூன்றாவது, தேடுபொறிகளில் தோன்றும் போலி விளம்பரங்களும் போலிப் புதுப்பிப்பு அறிவிப்புகளும்.

நான்காவது, 2024ஆம் ஆண்டு முதல் மிகுதியாகப் பரவிய ஒரு தந்திரம். இணையப் பக்கம் ஒன்று, ‘நீங்கள் மனிதர் என்பதை மெய்ப்பிக்கவும்’ எனக் கேட்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, பின் கண்ட்ரோல்-வி அழுத்தி, எண்டர் விசையைத் தட்டுமாறு பணிக்கும். தீய கட்டளை ஒன்றை அப்பக்கம் முன்னரே நகல் நினைவகத்தில் இட்டு வைத்திருக்கும். பயன்படுத்துபவர் தாமறியாமல் அதை ஒட்டி இயக்கிவிடுகிறார். உண்மையான சோதனை எதுவும் இம்மூன்று விசைகளைக் கேட்பதில்லை.

உட்புகுந்தபின் நிகழ்வது

பிரௌசரில் சேமிக்கப்படும் கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டே உள்ளன. எனினும் அதை அவிழ்க்கும் சாவி, கணிப்பொறியில் நுழைந்துள்ளவரின் பெயரால் இயங்கும் நிரல்களுக்கு எட்டும் இடத்திலேயே நெடுங்காலம் இருந்து வந்தது. ட்ரோஜனும் அவர் பெயராலேயே இயங்குகிறது. 2024இல் குரோம் பிரௌசரில் கூடுதல் காப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. சில மாதங்களிலேயே அதைக் கடக்கும் வழிகளைத் திருட்டு நிரல்களை ஆக்குவோர் கண்டுவிட்டனர்.

கடவுச்சொல்லினும் முக்கியமானது குக்கி எனப்படும் சிறு தகவல். ஒருவர் கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியெண்ணையும் தந்து உள்நுழைந்ததும், இணையதளம் அவருக்கு ஒரு நுழைவுச் சீட்டு போல இதை அளிக்கிறது. அடுத்தடுத்த முறைகளில் இச்சீட்டைக் கண்டே தளம் அவரை உள்ளே விடுகிறது. இதன் படி திருடன் கைக்குப் போனால் பல தளங்களில் கடவுச்சொல்லும் தேவையில்லை. கைப்பேசிக்கு வரும் குறியெண்ணும் தேவையில்லை.

இவையன்றி விசைத் தட்டல்கள், திரையின் படங்கள், நகல் நினைவகத்தில் உள்ளவை, சேமித்த அட்டை எண்கள் ஆகியவற்றையும் இந்நிரல்கள் திரட்டும். சில நிமிடங்களில் அனைத்தும் தொலைவிலுள்ள கணிப்பொறி ஒன்றுக்கு அனுப்பப்படும். பணி முடிந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் நிரல்களும் உண்டு. ஆதலின், சோதனையில் எதுவும் அகப்படவில்லை என்பதால் திருட்டு நடக்கவில்லை என்று முடிவு செய்வதற்கில்லை.

இரு எடுத்துக்காட்டுகள்

ஸீயஸ் என்னும் ட்ரோஜன் 2007இல், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையிலிருந்து தகவல் திருடப்பட்டபோது முதலில் அறியப்பட்டது. சிறு நிறுவனங்கள், நகராட்சிகள், தேவாலயங்கள் ஆகியவற்றின் வங்கிக் கணக்குகளை இதன் துணைகொண்டு ஒரு கும்பல் குறிவைத்தது. 22 கோடி டாலர் கவர முயன்று, 7 கோடி டாலரை அது கவர்ந்தது என 2010 அக்டோபரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அறிவித்தது. பாதுகாப்பு ஏற்பாடுகள் குறைந்த சிறிய அமைப்புகளே பெரிதும் பாதிக்கப்பட்டன என்பது கருதத்தக்கது.

லும்மா என்னும் நிரலின் வரலாறு இத்தொழிலின் பிற்கால வடிவத்தைக் காட்டுகிறது. 2022 முதல் இது சந்தா முறையில் விற்கப்பட்டது. நிரலை எழுதுபவர் ஒருவர். வாடகைக்குப் பெற்றுப் பரப்புபவர் வேறொருவர். திருடிய தகவலை விலைக்கு வாங்கிக் கொள்ளையிடுபவர் மற்றொருவர். 2025ஆம் ஆண்டு மார்ச்சு 16 முதல் மே 16 வரை உலகெங்கும் 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணிப்பொறிகளில் இது தொற்றியிருந்ததாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கண்டறிந்தது. அம்மாதமே நீதிமன்ற ஆணை பெற்று, இதற்குத் துணைநின்ற ஏறத்தாழ 2,300 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. திருட்டுக்கும் அதன் பயன்பாட்டுக்கும் இடையே நாட்களோ மாதங்களோ செல்லலாம் என்பதே இத்தொழில் பங்கீட்டிலிருந்து நாம் அறிய வேண்டுவது. அந்த இடைவெளியே பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் அவகாசமுமாகும்.

நீக்கும் முறை

ட்ரோஜனை நீக்குவதால், ஏற்கனவே வெளியே சென்ற தகவல் திரும்பி வருவதில்லை. எனவே செய்ய வேண்டிய பணிகள் இரண்டு: நிரலை அகற்றுதல், திருடப்பட்டவற்றைச் செல்லாதனவாக்குதல். முதலாவதை மட்டும் செய்து அமைதி கொள்வது பலரிடம் காணப்படும் குறை. தொற்றுள்ள கணிப்பொறியிலிருந்தே கடவுச்சொற்களை மாற்றுவது அதனினும் பெரிய பிழை. புதிய கடவுச்சொற்களும் திருடனையே சென்று சேரும். பின்வரும் வரிசை பின்பற்றத்தக்கது.

1. ஐயம் எழுந்தவுடன் கணிப்பொறியை இணையத்திலிருந்தும் அலுவலக வலையமைப்பிலிருந்தும் துண்டிக்க வேண்டும். அலுவலகக் கணிப்பொறியாயின் உரிய தொழில்நுட்ப அலுவலரிடம் தெரிவித்து, பதிவுகளைச் சான்றாகக் காத்த பின்னரே அழிக்கும் பணியைத் தொடங்க வேண்டும்.

2. தொற்றில்லாத வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். முதலில் மின்னஞ்சல், ஏனெனில் மற்றக் கணக்குகளை மீட்கும் கடிதங்கள் அங்குதான் வருகின்றன. அடுத்து வங்கி, பின்னர் அலுவலகக் கணக்குகள். ஒவ்வொன்றிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுக’ என்னும் ஏற்பாட்டையும் பயன்படுத்த வேண்டும். திருடப்பட்ட நுழைவுச் சீட்டுகள் அப்போதுதான் செல்லாதனவாகும். வங்கிக்கும் தகவல் தருதல் வேண்டும்.

3. விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனை, இயக்க முறைமை முழுமையாகத் தொடங்குமுன் கணிப்பொறியை ஆராய்கிறது. ஒளிந்திருக்கும் நிரல்களைக் கண்டறிய இது ஏற்றது. அறிமுகமில்லாத பிரௌசர் நீட்சிகள், தொடக்கத்தில் தாமே இயங்கும் நிரல்கள், குறித்த நேரத்தில் இயங்குமாறு வைக்கப்பட்ட பணிகள் ஆகியவற்றையும் நீக்க வேண்டும்.

4. முழு உறுதி வேண்டின், ஆவணங்களை மட்டும் படியெடுத்துச் சோதித்து வைத்துக்கொண்டு, வட்டை முற்றிலும் அழித்து, இயக்க முறைமையைப் புதிதாக நிறுவுவதே சிறந்தது. பழைய நிரல் கோப்புகளை மீண்டும் கொண்டுவரலாகாது.

நாட்டில் உள்ள ஏற்பாடுகள்

இந்தியக் கணிப்பொறி அவசரநிலை உதவிக் குழு 2004 முதல் செயற்பட்டு வருகிறது. அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்திற்குள் இக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், கணிப்பொறிப் பதிவுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும் என்றும் 2022 ஏப்ரலில் ஆணை வெளியிடப்பட்டது. இக்குழுவின் பொறுப்பில் 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரம், தீநிரல்களை நீக்கும் கருவிகளை மக்களுக்கு இலவசமாக வழங்குகிறது. பண இழப்பு நேர்ந்தோர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம். முறையீடு விரைந்து செய்யப்பட்டால் பணம் மேலும் கைமாறுமுன் அதைத் தடுத்து வைக்க வாய்ப்புண்டு.

முன்காப்பு

அலுவலகக் கடவுச்சொற்களைப் பிரௌசரில் சேமிப்பதைத் தவிர்த்தல் நலம். ஒரே கணக்கால் அலுவலகத்திலும் வீட்டிலும் பிரௌசரைப் பயன்படுத்துவோரின் கடவுச்சொற்கள் இரண்டு இடங்களிலும் ஒருங்கே வந்து சேரும். வீட்டுக் கணிப்பொறியில் பிள்ளைகள் நிறுவும் உரிமமற்ற விளையாட்டு ஒன்று, மாவட்ட அலுவலகம் ஒன்றின் கருவூலக் கணக்கையே திறந்துவிடக் கூடும். உரிமமுள்ள மென்பொருள், காலத்தில் செய்யும் புதுப்பிப்பு, பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறும் வழக்கம், நிர்வாக அதிகாரமற்ற பயனர் கணக்கில் அன்றாட வேலைகளைச் செய்தல் ஆகியவை பெருஞ்செலவு இல்லாதவை.

ஓர் அரசு அலுவலரின் கணிப்பொறியில் உள்ளவை அவருடைய தகவல்கள் மட்டுமல்ல. ஓய்வூதியம் பெறும் முதியோர், உதவித்தொகை பெறும் மாணவர், கடன் பெறும் உழவர் ஆகியோரின் விவரங்களும் அதில் அடங்கும். தொற்று ஏற்பட்டதை வெளியிடத் தயங்கி மறைப்பதால் கெடுவது அவர்களுடைய நலனே. காலந்தாழ்த்தாமல் தெரிவிப்பவரைக் குறைகூறாத அலுவலகச் சூழலை உருவாக்குவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகும்.