நிரல்களில் தொடக்க மதிப்புப் பிழைகள்: கண்டறிதலும் களைதலும்

பெரும வெப்பமானியைக் கையாளும் பணியாளர் ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்தபின் அதனை உதறிப் பாதரசத்தைக் கீழிறக்கி வைக்கிறார். சிறும வெப்பமானியைச் சாய்த்து அதன் சுட்டியை நீர்மத்தின் நுனிக்குக் கொண்டுவருகிறார். மழைமானியின் கொள்கலத்தை வெறுமையாக்கிய பின்னரே அடுத்த நாளைய மழையை அளக்க இயலும். இவற்றுள் ஒன்று தவறினும் கருவி பழுதடைவதில்லை. ஏதேனும் ஓர் அளவைக் காட்டவே செய்யும். ஆனால் அவ்வளவில் முந்திய நாளின் எச்சம் கலந்திருக்கக்கூடும்.

கணிப்பொறி நிரல்களிலும் இதனையொத்த தவறு நேருகிறது. கணக்கிடும்போது மதிப்புகளைத் தாங்கி நிற்கும் நினைவக இடத்திற்கு மாறி என்று பெயர். வேலை தொடங்குமுன் மாறிக்கு உரிய முதல் மதிப்பை அளிப்பது தொடக்க மதிப்பிடுதல் எனப்படும். இதில் நேரும் பிழை சில வேளைகளில் நிரலை நிறுத்திவிடுகிறது. அவ்வாறு நின்றுவிடுவது நன்மையே. பிழை உடனே தெரிந்துவிடும். நிரல் நிற்காமல், நம்பத்தகுந்த தோற்றமுடைய தவறான விடையைத் தருவதே பெருங்கேடு. மழை அட்டவணையைக் கொண்டு விதைப்புக்கு அறிவுரை கூறுவோரும், வெள்ள நிவாரணத்திற்குத் திட்டமிடுவோரும் அத்தகைய விடையை ஐயமின்றி ஏற்றுக்கொள்வர்.

நினைவகத்தில் எஞ்சியிருப்பவை

நினைவக இடம் ஒன்று புதிதாக ஒதுக்கப்படும்போது அது துடைத்த சிலேட்டுப் பலகை போன்றிருக்கும் என்று எண்ணுதல் கூடாது. அதனை முன்பு பயன்படுத்திய வேலையின் எண் அங்கேயே கிடக்கலாம். இதனை ஒவ்வொரு நிரல்மொழியும் ஒவ்வொரு வகையாக நடத்துகிறது. சி மொழியில், செயற்கூற்றினுள் அறிவிக்கப்படும் சாதாரண மாறிக்கு மதிப்பளிக்காவிடில் அதன் மதிப்பு இன்னதென்று கூற இயலாது. செயற்கூறுகளுக்கு வெளியே அறிவிக்கப்படும் மாறிக்கோ 0 தானாகவே அமைகிறது. ஜாவா மொழியின் தொகுப்பி, மதிப்புப் பெறாத உள்மாறியைப் பயன்படுத்தும் நிரலை ஏற்க மறுக்கிறது. பைத்தான் மொழியில், மதிப்புப் பெறாத பெயரைப் பயன்படுத்தும் வரி இயங்கும் வேளையில் பிழைச்செய்தி எழுகிறது. ஆகவே ஒரு மொழியிற் பெற்ற பழக்கத்தை மற்றொரு மொழியில் அப்படியே நம்புதல் தகாது.

பிழையின் நால்வகை

முதல் வகை, மதிப்பே அளிக்கப்படாமை. இதன் அடையாளம், விடை நிலையாக இராமை. அதே தரவுக்குக் காலையில் ஒரு விடையும் மாலையில் வேறொரு விடையும் வரலாம். ஓர் அலுவலகக் கணிப்பொறியில் சரியாக இயங்கும் நிரல் வேறோர் அலுவலகத்தில் தவறலாம்.

இரண்டாம் வகை, பொருந்தாத மதிப்பு அளிக்கப்படுதல். கூட்டற் கணக்கின் தொடக்கம் 0. பெருக்கற் கணக்கின் தொடக்கம் 1. பெருக்கலை 0 கொண்டு தொடங்கினால் விடை என்றும் 0 ஆகும். பெரும வெப்பநிலையைக் காணும் நிரல் 0 பாகை செல்சியசிலிருந்து தொடங்குவதாகக் கொள்க. சென்னையில் அது குறைகூற இடமின்றிச் செயற்படும். லடாக்கின் திராஸ் போன்ற இடங்களில், பகலிலும் வெப்பம் 0 பாகைக்குக் கீழே நிற்கும் குளிர்கால வாரத்தில், அதே நிரல் பெருமம் 0 என்று கூறும். சிறுமத்தைக் காணும் நிரல் இவ்வாறே தொடங்கப்பெற்றால் சென்னையிலும் 0 என்றே அச்சிடும். முதற்பதிவையே தொடக்க மதிப்பாகக் கொள்ளுதல் இரண்டு குறைகளையும் நீக்கும்.

மூன்றாம் வகை, மீண்டும் அளிக்கப்படாமை. முதற்சுற்றில் சரியாயிருந்த மதிப்பு அடுத்த சுற்றுக்குமுன் மாற்றியமைக்கப்படாததால் இது விளைகிறது. களப்பணி நிரல்களில் இதன்மீது மிகுந்த கவனம் வேண்டும்.

நான்காம் வகை, வரிசை பிறழ்தல். ஒன்று ஆயத்தமாகுமுன் மற்றொன்று அதனை நாடுகிறது. பல கணிப்பொறி அமைப்புகள் காலத்தை உலகப் பொதுநேரப்படி 1970 சனவரி 1-ஆம் நாளின் தொடக்கத்திலிருந்து எண்ணுகின்றன. மின்தடைக்குப்பின் கடிகாரம் திருத்தப்படுமுன் பதிவு தொடங்கினால், இந்திய நேரப்படி 1970 சனவரி 1, காலை 5.30 மணி என்னும் நாளுடன் அளவுகள் பதிவாகக்கூடும். இத்தேதியைக் காணும் பணியாளர் உணரியை ஐயுறுமுன் கடிகாரத்தை நோக்குக.

ஓர் எடுத்துக்காட்டு

மூன்று நிலையங்களின் மூன்று நாள் மழையளவு மில்லிமீட்டரில் பின்வருமாறு உள்ளதாகக் கொள்க. முதல் நிலையம்: 12, 0, 8. இரண்டாவது: 5, 10, 0. மூன்றாவது: 0, 3, 4. சரியான கூட்டுத்தொகைகள் முறையே 20, 15, 7 ஆகும்.

கூட்டுத்தொகையை 0 ஆக்கும் கட்டளை, நிலையங்களைச் சுற்றிவரும் சுழற்சிக்கு உள்ளே இருத்தல் வேண்டும். அது வெளியே எழுதப்பட்டால் நிரல் 20, 35, 42 என்று அச்சிடும். முதல் நிலையத்தின் விடை சரியாகவே இருப்பதால், அதனை மட்டும் சரிபார்த்தவர் நிரலைக் குற்றமற்றதெனக் கொள்வர். 35, 42 என்பனவும் மழைக்காலத்தில் இயல்பான அளவுகளே. வரிசையை மாற்றி இரண்டாம் நிலையத்தை முதலில் வைத்தால் அதன் விடை 15 என்றும், அடுத்து வரும் முதல் நிலையத்தின் விடை 35 என்றும் ஆகும். நிலையங்களின் வரிசையைப் பொறுத்து மழையளவு மாற இயலாது. ஆகவே தவறு நிரலிலேயே உள்ளதென்பது உறுதியாகிறது.

விண்வெளிப் பயணங்களில் இரு நிகழ்ச்சிகள்

1999 டிசம்பர் 3-ஆம் நாள் செவ்வாயின் தென்துருவப் பகுதியை நோக்கி இறங்கிய அமெரிக்காவின் மார்ஸ் போலார் லேண்டர் என்னும் கலம் தொடர்பிழந்தது. இறங்கும்போது கலம் செய்தி அனுப்பாததால் காரணத்தை நேரில் காண இயலவில்லை. எனினும் ஆய்வாளர் மிகப் பெரும்பாலும் நிகழ்ந்திருக்கக்கூடியதென்று கூறியது இதுவே: ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் கால்கள் விரிந்த அதிர்வை உணரி தரைதொட்ட குறிப்பாகக் கொண்டது, அக்குறிப்பு ஒரு மாறியில் தங்கிவிட்டது. தரைதொட்டதைக் கவனிக்கும் பகுதி 40 மீட்டர் உயரத்தில் செயற்படத் தொடங்கியபோது, அம்மாறி முதலில் அழிக்கப்படவில்லை. கலம் தரையை அடைந்துவிட்டதென்று நிரல் முடிவுசெய்து எந்திரத்தை நிறுத்தியது. இது மேற்கூறிய மூன்றாம் வகையைச் சார்ந்ததாகும்.

2019 டிசம்பர் 20-ஆம் நாள் ஆளின்றி ஏவப்பட்ட ஸ்டார்லைனர் கலம், பயணக் கடிகாரத்தின் தொடக்க நேரத்தை ராக்கெட்டிலிருந்து உரிய தருணத்திற்கு முன்னரே பெற்றுக்கொண்டது. அதனால் கடிகாரம் ஏறத்தாழ 11 மணிநேரம் பிழைபட்டது. கலம் எரிபொருளை வீணே செலவிட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைய இயலாமல் டிசம்பர் 22-ஆம் நாள் தரைக்குத் திரும்பியது. இது நான்காம் வகைக்கு எடுத்துக்காட்டு.

பிழையை நாடிக் காணும் முறை

1. ஒரே தரவைக் கொண்டு நிரலை இரு முறை புதிதாக இயக்குக. காலத்தையோ தற்செயல் எண்ணையோ பயன்படுத்தாத நிரலில் விடை மாறுமாயின் முதல் வகையை ஐயுறுக.

2. தரவுத் தொகுதிகளைத் தனித்தனியே இயக்குக. பின் ஒருங்கே இயக்குக. பின் தலைகீழ் வரிசையில் இயக்குக. விடைகள் வேறுபடின் மூன்றாம் வகையை நாடுக.

3. எல்லைத் தரவுகளை இடுக. பதிவே இல்லாத கோப்பு, ஒரே பதிவுடைய கோப்பு, எல்லாம் எதிர்மறையான கோப்பு ஆகிய மூன்றும் இரண்டாம் வகைப் பிழையை வெளிப்படுத்த வல்லன.

4. தவறான விடை தோன்றிய வரியிலிருந்து பின்னோக்கிச் செல்க. அம்மாறி முதன்முதலிற் படிக்கப்படும் இடத்தில் அதன் மதிப்பை அச்சிட்டுப் பார்க்க. அச்சிடும் கட்டளையைச் சேர்த்தவுடன் பிழை மறைந்துவிடின் அது நீங்கிவிட்டதெனக் கொள்ளற்க. மதிப்பளிக்கப்படாத மாறி இருப்பதற்கு அதுவும் ஓர் அறிகுறியாகும்.

5. தொடங்கும்போதே நிரல் நின்றுவிடின், பதிவேட்டில் காலத்தால் முந்திய பிழைச்செய்தியை முதலிற் படிக்க. பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே.

தடுக்கும் வழிகள்

தொகுப்பியின் எச்சரிக்கைகளை இயக்கிவைத்து, அவை ஒவ்வொன்றையும் ஆராய்தல் வேண்டும். சி மொழி நிரல்களுக்கு வால்கிரைண்ட் என்னும் கருவி, மதிப்புப் பெறாத நினைவகத்தைச் சார்ந்து நிரல் முடிவெடுக்கும் இடங்களைச் சுட்டும். மாறியைப் பயன்படுத்தும் இடத்திற்கு அருகிலேயே அறிவித்து, அங்கேயே மதிப்பளிப்பதும் நற்பழக்கமாகும்.

எல்லா மாறிகளுக்கும் 0 இட்டுவிடுதல் தீர்வாகாது. எச்சரிக்கை மறையும், பிழை நிலைத்திருக்கும். மழை அட்டவணையில் 0 என்பது அளந்து பார்த்து மழை இல்லையென்று கண்டதைக் குறிக்கும். அளக்கப்படாத நாளுக்கும் 0 இட்டால் வறட்சியற்ற இடத்தில் வறட்சி காணப்படும். ஆகவே பதிவு இல்லை என்பதற்குத் தனிக்குறி அமைத்து, அதனைக் கூட்டலிற் சேராவண்ணம் நிரல் எழுதுதல் இன்றியமையாதது.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தைக் கணிப்பொறி இல்லாத வகுப்பிலும் நடத்தலாம். மாணவர் ஒருவர் கரும்பலகையில் கூட்டுத்தொகைக் கட்டம் ஒன்றை வரைந்து, மேற்கண்ட மூன்று நிலையங்களின் அளவுகளைக் கட்டளைப்படி கூட்டுக. கட்டத்தை அழிக்கும் கட்டளையை முதலில் சுழற்சிக்கு வெளியேயும், பின்னர் உள்ளேயும் வைத்து இருமுறை செய்க. அதன்பின் பின்வரும் வினாக்களை மாணவர் தாமே ஆராய்தல் நன்று.

1. வகுப்பு மாணவரின் உயரங்களுள் குறைந்ததைக் காணும் நிரலுக்குத் தொடக்க மதிப்பு யாதாயிருத்தல் வேண்டும்?

2. சராசரி காணும் நிரலில் மீண்டும் மதிப்பளிக்கப்பட வேண்டிய மாறிகள் எத்தனை? அவை யாவை?

3. ஒரு நிலையத்திற்குப் பதிவே இல்லாவிடில் சராசரி நிரல் என்ன விடை கூறுதல் தகும்?