பேரம் கற்பிக்க வரும் இளம் விரிவுரையாளருக்கு



திருகோணமலையில் வணிக மாணவர்களுக்கும் விற்பனைத் துறைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கும் பேரம் பேசக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் தொடர்பாடலையும் வணிகக் கற்கைகளையும் ஒரே பீடத்தின் கீழ் வைத்திருக்கிறது. பேரம் என்ற பாடம் நிற்க வேண்டிய இடமும் அதுதான். கணக்குத் தெரிந்தவருக்குப் பேச வராமலும், பேச வந்தவருக்குக் கணக்குத் தெரியாமலும் போனால் இருவருக்கும் நட்டம்.

பல நாடுகளிலும் இந்தப் பாடத்தின் முதல் வகுப்பில் கைக்கு வரும் நூல், ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் வெளியிட்ட 'கெட்டிங் டு யெஸ்'. எதிரில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்பதோடு நிற்காமல், ஏன் கேட்கிறார் என்று பார்க்கச் சொல்லும் நூல் அது. சினாய் தீபகற்பம் அவர்கள் காட்டும் உதாரணம். எகிப்துக்கு வேண்டியது தன் மண். இஸ்ரேலுக்கு வேண்டியது தன் எல்லையருகே எகிப்தியப் படை நிற்காத நிம்மதி. 1978இல் காம்ப் டேவிட்டில், நிலம் எகிப்துக்குத் திரும்பவும் அதன் பெரும்பகுதியில் படை இல்லாதிருக்கவும் இணங்கினார்கள். நல்ல உதாரணம், சொல்லிக் கொடுங்கள். ஆனால் அதைவிட நீண்ட பேரம் ஒன்று சீனன்குடாவில் இருக்கிறது. அதை மாணவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டே வரலாம்.

சீனன்குடாவில் இருப்பவை, பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள். மிஞ்சியிருப்பவை 99, ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்கு மேல் கொள்ளும். 1987 ஜூலை 29இல், இந்திய – இலங்கை உடன்படிக்கையை ஒட்டி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே, இந்தக் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்கும் என்ற இணக்கம் உண்டு. அதற்குப் பிறகு 16 ஆண்டுகள் ஓடிவிட்டன. 2003இல் இந்தியாவின் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 100,000 அமெரிக்க டொலர் என்று ஏற்பாடாயிற்று. நிறுவனம் குதங்களின் கீழ்த்தொகுதியைப் பாவித்தது. மேல்தொகுதி காடு மண்டிக் கிடந்தது. 2017 ஏப்ரலில் இந்தக் குதங்களையும் உள்ளடக்கிய இன்னொரு புரிந்துணர்வு ஒப்பந்தம் வந்தது. அந்த ஜூலையிலேயே பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. எரிபொருள் நிலையங்களில் வரிசை நீண்டது, இராணுவம் அழைக்கப்பட்டது.

2022 ஜனவரி 6இல்தான் ஒரு முடிவு வந்தது. 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, மீதி 61 குதங்கள் இரண்டும் சேர்ந்த ஒரு புதிய கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். காலம் 50 ஆண்டுகள்.

மாணவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். "குதங்கள் யாருக்கு?" என்று கேட்கும்வரை ஒருவர் வென்றால் மற்றவர் தோற்கத்தான் வேண்டும். "எத்தனை, எவை, எவ்வளவு காலம், யார் கையில் பெரும்பான்மைப் பங்கு?" என்று கேள்வி உடைந்தபோது விட்டுக்கொடுக்கவும் இடம் வந்தது, பிடித்துக்கொள்ளவும் இடம் வந்தது. ஒரே விலையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டும் விற்பனைப் பிரதிநிதிக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

காலத்தையும் பாருங்கள். நாட்டின் அந்நியச் செலாவணி வறண்டுகொண்டிருந்த மாதம் அது. அடுத்த மாதமே எரிபொருள் வாங்க இந்தியா 500 மில்லியன் டொலர் கடன் வசதி கொடுத்தது. அந்த நெருக்கடியைப் பக்கத்தில் வைக்காமல் 2022 ஒப்பந்தத்தை வாசித்தால் பாதிதான் விளங்கும். பேச்சு முறிந்தால் கையில் என்ன வழி இருக்கிறது என்பதே மேசையில் ஒருவருடைய பலம். இதை மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் முற்பணம் வாங்கித் தோணியும் வலையும் சேர்த்தவர், பிடித்த மீனை அந்த முதலாளி சொன்ன விலைக்கே கொடுக்க நேர்வதை அவர்கள் கண்டு வளர்ந்தவர்கள். அவருடைய பேரம் கரையில் தோற்கவில்லை. முற்பணம் வாங்கிய அன்றே முடிந்துவிட்டது. அப்படியானால் அவர் எங்கே, யாரோடு, எப்போது பேசியிருக்க வேண்டும்? ஒரு முழு வகுப்பை இந்தக் கேள்விக்கே கொடுக்கலாம்.

மேசையில் இல்லாதவர்களை மறக்கக் கூடாது என்பதற்கு 2017 வேலைநிறுத்தம் ஓர் உதாரணம் என்றால், சம்பூர் அதைவிடக் கனமானது. 2006இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் பகுதியில் அனல் மின்நிலையம் கட்ட இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 2011இல் கூட்டு நிறுவனம் அமைத்தன. ஊரவர்களும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள், விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது, 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. கையெழுத்திட்ட இரண்டு நிறுவனங்களும் பெரியவை. அங்கே வாழ வேண்டியவர்களைக் கணக்கில் எடுக்காததற்கு அந்தப் பெரிய கையெழுத்துகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இனி மாணவர்கள் நாளை உண்மையில் செய்யப்போகும் பேரத்துக்கு வாருங்கள். நிலாவெளி ஹோட்டலுக்கு மீன் கொடுக்கும் ஒப்பந்தத்தை வகுப்பில் நடத்துங்கள். ஹோட்டல்காரருக்கு மே முதல் செப்டெம்பர் வரை அறைகள் நிறையும். வாடைக் காலத்தில் வெறிச்சோடும். மீன்காரருக்குக் காசு கைக்கு வரும் நாள், கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் சில ரூபாவைவிட முக்கியமாக இருக்கலாம். ஒரு மாதம் கழித்து மாறும் காசோலையா, கைக்காசா? ஐஸ் யாருடைய செலவு? மீன் கிடைக்காத நாளில் என்ன செய்வது? இருதரப்புக்கும் தனித்தனி இரகசியக் குறிப்புக் கொடுத்துப் பேசவிடுங்கள். தமிழ்ப் பிள்ளை சிங்களத்திலும் சிங்களப் பிள்ளை தமிழிலும் ஒருமுறையாவது பேசிப் பார்க்கட்டும். மூன்று சமூகங்கள் கலந்து வாழும் மாவட்டத்தில் விற்பனைக்குப் போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது.

சத்தமாகப் பேசுகிற பிள்ளையே கெட்டிக்காரர் என்று வகுப்பு நினைத்துவிடும். நீங்கள் நினைத்துவிட வேண்டாம். பேச்சுக்கு முன் அவர் எழுதிய ஆயத்தத் தாளை வாங்கிப் பாருங்கள்: தன் தேவை, எதிர்த்தரப்பின் தேவை, பேச்சு முறிந்தால் உள்ள வழி, மேசையில் இல்லாத ஆட்கள், ஒப்பந்தம் நடக்கத் தொடங்கும் நாள். மொத்தப் புள்ளியில் பாதியை அந்தத் தாளுக்கே கொடுங்கள். பரீட்சையில் வரைவிலக்கணம் எழுதச் சொல்வதை இந்த ஆண்டே நிறுத்திவிட்டு, 2003 குத்தகை விபரத்தையும் 2022 ஒப்பந்த விபரத்தையும் அருகருகே வைத்து, எது ஏன் நடக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.