கிட்டாருக்குச் சுருதி கூட்டும் கருவி

மாணவர்களே! கிட்டாரின் ஆறு தந்திகளுள் மிகத் தடித்தது வினாடிக்கு ஏறத்தாழ 82 முறையும், மிக மெல்லியது ஏறத்தாழ 330 முறையும் அதிர்தல் வேண்டும். கிட்டாரின் தலைப்பகுதியைக் கவ்வி நிற்கும் மின்னணுக் கருவி, மரத்தில் பரவும் அதிர்வைக் கொண்டே சுருதியை அறிகிறது. பக்கத்துப் பேச்சொலியால் மயங்குவதில்லை. முள் இடப்புறம் நின்றால் சுருதி தாழ்வு. முறுக்காணியை மெல்ல முறுக்குக. வலப்புறம் நின்றால் வேண்டிய அளவினும் சற்றுக் கூடுதலாகத் தளர்த்தி, மீண்டும் ஏற்றுக; இன்றேல் வாசிக்கையில் தந்தி நெகிழும்.

2007ஆம் ஆண்டு கிப்சன் நிறுவனம் வெளியிட்ட ஒரு கிட்டாரிலோ, சிறு மோட்டார்களே முறுக்காணிகளைத் திருகின! நமக்கு அத்துணை வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். இரண்டாம் தந்திக்கு உரியது 'பி' சுரம். அதனைத் தாண்டி 'ஈ' வரை முறுக்கினாலும் கருவி பச்சை விளக்கையே காட்டும். தந்தியோ அறுந்து முகத்தில் தெறிக்கவும் கூடும். ஆதலின் விளக்கை நோக்குமுன் எழுத்தை நோக்குக.