ஜன்னல் கைப்பிடி மாற்றுகிறீர்களா? முதலில் கீலைப் பாருங்கள்

அம்மையார்குப்பம் நெசவு ஊர். ஒரு வீட்டில் தறி ஓடினால் அந்த வீட்டு ஜன்னலுக்கு வேலை கூடும். பருத்தி நூலுக்குக் காற்றில் ஈரம் வேண்டும்; கோடையில் வறண்ட காற்று உள்ளே புகுந்தால் பாவில் இழை அறும். அதனால் ஜன்னலைச் சாத்துவார்கள். திருத்தணி வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் சாத்திய அறைக்குள் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மறுபடியும் திறப்பார்கள். நாள் முழுக்க இப்படித் திறந்து மூடுவதைத் தாங்குவது ஒரு சின்னக் கைப்பிடியும் அதைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூவும்தான்.

விசைத்தறி வீட்டில் இன்னொரு சுமையும் உண்டு. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா அடிபட்டு ஓடும். அந்த அதிர்வு தரையில் இறங்கிச் சுவரில் ஏறி ஜன்னல் சட்டத்தையும் தொடுகிறது. இறுக்கி வைத்த ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. பறக்கும் பஞ்சுத் தூசி தாழ்ப்பாளின் இண்டு இடுக்கில் எல்லாம் போய் அடைகிறது. தறி இல்லாத வீட்டுக்கும் வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பொதுவானவை.

கைப்பிடி உடைந்தால் ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போய், பார்வைக்கு நன்றாக இருப்பதை வாங்கி வந்து, பழைய இடத்திலேயே முடுக்கிவிடுகிறோம். அதுவும் விரைவில் ஆடத் தொடங்குகிறது. நல்ல கைப்பிடியைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். பழையது ஏன் போனது? ஜன்னல் எதனால் ஆனது? அந்த அறையில் என்ன வேலை நடக்கிறது? அழகும் விலையும் இவற்றுக்குப் பிறகுதான்.

ஏன் போனது என்று முதலில் பாருங்கள்

கைப்பிடியைத் தொடாமல், ஜன்னல் கதவை விரலால் மட்டும் தள்ளிச் சாத்திப் பாருங்கள். சட்டத்தோடு சீராகப் போய் உட்கார்ந்தால் குற்றம் கைப்பிடியினுடையது, மாற்றினால் தீர்ந்தது. கதவைத் தூக்கிப் பிடித்தோ தோளால் இடித்தோ சாத்த வேண்டியிருந்தால் கைப்பிடிமேல் பழி போட வேண்டாம். நாம் ஒவ்வொரு முறையும் அதை நெம்புகோலாக்கி இழுத்திருக்கிறோம். அதனால்தான் உடைந்தது.

அடுத்து, கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத பக்கத்தைக் கையால் மெல்லத் தூக்குங்கள். மேலும் கீழும் ஆடினால் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது கீலுக்குள் இருக்கும் கம்பி தேய்ந்திருக்கும். பெரும்பாலும் மேல் கீல்தான் முதலில் தளரும், ஏனென்றால் கதவின் பாரம் அதைத்தான் வெளியே இழுக்கிறது. கீலைச் சரிசெய்தாலே பழைய கைப்பிடி இன்னும் பல காலம் வரும்.

மரக்கதவு மழைக்காலத்தில் மட்டும் இறுகினால் அது ஈரத்தில் உப்பியிருக்கிறது. அந்த நேரத்தில் ஆசாரியை அழைத்து இழைப்புளி போட வேண்டாம். மழையில் சீவிய கதவு கோடையில் சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விடும். இப்போதைக்கு உரசும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு தடவி ஓட்டுங்கள். தை, மாசியில் மரம் காய்ந்த பிறகும் இறுகினால் அப்போது சீவலாம். சீவிய விளிம்பில் பெயிண்ட்டோ வார்னிஷோ கட்டாயம் அடிக்க வேண்டும். வெறும் மரமாக விட்டால் அடுத்த மழையில் அதே கதைதான்.

மர ஜன்னல்: மூன்று வழிகள்

முதல் வழி, பழையதையே காப்பாற்றுவது. கைப்பிடி நன்றாக இருந்து ஸ்க்ரூ மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், ஓட்டை பெரிதாகிவிட்டது என்று பொருள். ஃபெவிகால் தடவிய மரக்குச்சிகளை ஓட்டைக்குள் நெருக்கி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு மறுபடியும் ஸ்க்ரூ போடுங்கள். அல்லது அதே பருமனில் கால் அங்குலம் கூடுதல் நீளமுள்ள ஸ்க்ரூ போட்டுப் பாருங்கள்; கதவின் கனத்தைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவு மிகக் குறைந்த வழி இது. பழைய தேக்குக் கதவில் பித்தளைப் பிடி இருந்தால் எனக்கு இதைத் தவிர வேறு யோசனையே இல்லை. அந்தப் பிடியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுப் புது மோஸ்தரில் ஒன்றை மாட்டுவது நட்டம்தான்.

இரண்டாவது, டவர் போல்ட் எனப்படும் தாழ்ப்பாளும் தனியாக ஒரு பிடியும். இழுக்க ஒன்று, பூட்ட ஒன்று என்று வேலை பிரிந்துவிடுவதால் இரண்டும் நீடிக்கும். ஜன்னலுக்கு 4 அங்குலத் தாழ்ப்பாள் போதும். உயரமான கதவுக்கு 6 அங்குலம். மேலும் கீழும் ஒவ்வொன்று போட்டால் காற்றில் கதவு படபடக்காது. தாழ்ப்பாளுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 204. முத்திரையுள்ள சரக்கு கிடைத்தால் அதை வாங்குங்கள்.

மூன்றாவது, கொக்கியும் வளையமும். மலிவு, யாரும் மாட்டலாம். திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் சுவரோடு நிறுத்த இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் கதவைச் சாத்தி வைக்க இதை மட்டும் நம்பக் கூடாது. வெளியிலிருந்து ஒரு மெல்லிய தகட்டை விட்டுத் தூக்கினால் கழன்றுவிடும். குரங்கு வந்துபோகும் தெருவிலும் கொக்கி போதாது.

இரும்பு ஜன்னல்: வெல்டிங்கா, ஸ்க்ரூவா?

இரும்பு ஜன்னல் கைப்பிடியின் மூக்கு, சட்டத்தில் உள்ள தகட்டில் ஏறி அமர்ந்து கதவை இறுக்கிப் பிடிக்கும். அந்த மூக்கு தேய்ந்துவிட்டால் கதவு கடகடக்கும். கைப்பிடி கதவில் ரிவெட் அடித்தோ, வெல்டிங் வைத்தோ, ஸ்க்ரூ போட்டோ பொருத்தப்பட்டிருக்கும். ஸ்க்ரூ என்றால் வீட்டிலேயே மாற்றலாம். ரிவெட் என்றால் தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு நட்டு போல்ட்டாக மாற்றுங்கள்; அடுத்த தடவை வேலை சுலபம். வெல்டிங் என்றால் பட்டறை ஆள் வர வேண்டும். கண்ணாடி இருக்கும் கதவில் வெல்டிங் வைத்தால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடலாம். பொறி பட்டால் புள்ளி விழும். கண்ணாடியைக் கழற்றிவிட்டோ, ஈரச் சாக்கால் மறைத்தோ செய்யச் சொல்லுங்கள். தறிக்கூடத்தில் வெல்டிங் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பஞ்சுத் தூசி சட்டென்று தீப்பிடிக்கும். தறியை நிறுத்தி, நூலையும் துணியையும் அப்புறப்படுத்தி, கூட்டிப் பெருக்கிய பிறகே பொறி பறக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

வெல்டிங் வைத்த இடத்தில் உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். சந்துக்குள் பருத்துக் கதவைத் தள்ளும். புதுக் கைப்பிடி இறுகுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

அலுமினிய ஸ்லைடிங்: தடத்தைத் துடைத்த பிறகு வாங்குங்கள்

தள்ளித் திறக்கும் அலுமினிய ஜன்னலில் கைப்பிடியும் பூட்டும் சேர்ந்தே ஒரு சின்ன லாக்காக இருக்கும். அது உடைவது பெரும்பாலும் கதவு தடத்தில் ஓடாததால்தான். தடத்தில் தூசியும் பஞ்சும் அடைந்து, அடியில் உள்ள சக்கரம் தேய்ந்து, கதவு கனக்கும். நாம் லாக்கைப் பிடித்து இழுப்போம். எனவே முதலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தடத்தைச் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் கனத்தால் சக்கரத்தை மாற்றுங்கள். அதன்பின் லாக்.

லாக்குகளில் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவராது. வெட்டிய துளையின் நீளம், அகலம், இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே உள்ள தூரம், இடப்பக்கமா வலப்பக்கமா என்ற நான்கும் சரியாக இருக்க வேண்டும். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போடாதீர்கள். மழை ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், ஸ்க்ரூ கழற்ற வராது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள்.

யுபிவிசி: ஸ்கேல் வைத்து அளந்தே தீர வேண்டும்

புது வீடுகளில் வரும் யுபிவிசி திறப்பு ஜன்னலில் கைப்பிடியின் பின்னால் ஒரு சதுரக் கம்பி இருக்கும். அது கதவுக்குள் போய்ப் பூட்டுப் பட்டையைத் திருப்பும். பரவலான வகையில் சதுரக் கம்பி 7 மில்லிமீட்டர். மேல், கீழ் ஸ்க்ரூ நடுவே 43 மில்லிமீட்டர். உங்களுடையதும் அதுதானா என்று அளந்து உறுதிசெய்யுங்கள். கம்பியின் நீளம் குறைந்தால் கைப்பிடி வெறுமனே சுற்றும். கூடினால் கைப்பிடி கதவில் படியாது. நீளமானதை ஹேக்ஸாவால் அறுத்துக் குறைக்கலாம், குட்டையானதை ஒன்றும் செய்ய முடியாது. கைப்பிடி சுலபமாகத் திரும்பியும் கதவு பூட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் பட்டைதான் பழுது. புதுக் கைப்பிடிக்குச் செலவழிக்காமல் ஜன்னல் போட்டவரைக் கூப்பிடுங்கள். உள்ளூரில் இந்த உதிரி கிடைக்காவிட்டால் திருத்தணியிலிருந்து புறநகர் ரயில் ஏறிச் சென்னைப் பாரிமுனைக் கடைகளில் தேடலாம். அப்போதும் பழையது கையில் இருக்க வேண்டும்.

எந்த உலோகம்?

முலாம் பூசிய இரும்பு: பலமானது, மலிவானது. முலாம் கீறிய இடத்தில் துருப்பிடிக்கும். மழைச்சாரல் படாத உள்ஜன்னலுக்குச் சரி.

துத்தநாகக் கலவை வார்ப்பு: பளபளப்பானவற்றில் பல இதுவே. பிடிப்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் வளையாது, அதிகம் நெம்பினால் பட்டென்று முறியும். இறுகும் ஜன்னலுக்கு ஆகாது.

அலுமினியம்: துருப்பிடிக்காது, எடை குறைவு. மெல்லிய தாழ்ப்பாள் வளைந்துவிடும். கனமான சரக்காகப் பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 304 ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 ரகத்தில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. வெளிச்சாரல் படும் இடத்துக்கு 304, மற்ற இடத்துக்கு 202 போதும்.

பித்தளை: விலை அதிகம், ஆயுளும் அதிகம். கறுத்தாலும் புளி போட்டுத் தேய்த்தால் மறுபடியும் மின்னும்.

கடைக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். பித்தளை என்று சொல்வதில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டாலும் பித்தளை என்று உறுதியில்லை, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. முலாம் இல்லாத பின்பக்கத்தை ஓரமாகக் கீறிப் பார்த்தால் மஞ்சள் நிறம் உள்வரை தெரிய வேண்டும். 202-ஐயும் 304-ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. அதற்கு முத்திரையையும் நம்பிக்கையான கடையையும்தான் பார்க்க வேண்டும்.

அறைக்கு ஏற்ற தேர்வு

தறி அறைக்கு என் பரிந்துரை இதுதான்: இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாழ்ப்பாளும் பிடியும்; ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கதவை ஊடுருவும் நட்டு போல்ட்; நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர். அதிர்வைத் தாங்க இதைவிட எளிய வழி இல்லை. எண்ணெய் விட வேண்டாம். எண்ணெயில் பஞ்சு ஒட்டிக் களிம்பாகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துத் தூவினால் தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு ஓடும், தூசியும் ஒட்டாது.

சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். வேலைப்பாடு, பள்ளம் இல்லாத வழவழப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துடைக்க வசதி.

முதியவர் இருக்கும் அறையில் குமிழ் வேண்டாம். நான்கு விரலும் உள்ளே நுழையும் பிடி வேண்டும்; தாழ்ப்பாள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். குழந்தை இருக்கும் மாடி அறையில் தாழ்ப்பாளை மேலே வையுங்கள். கிரில் இல்லாத ஜன்னலுக்குப் பூட்டும் வசதியுள்ள கைப்பிடியே சரி.

பொருத்தும்போது

பழைய துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்துகொள்ளுங்கள். 96 மில்லிமீட்டர் பிடியும் 100 மில்லிமீட்டர் பிடியும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், துளையில் பொருந்தாது. தேக்கு போன்ற கடினமான மரத்தில் முதலில் மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்புத் தடவி முடுக்குங்கள். பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் போட்டு எடுத்து வழி செய்த பிறகு போடுங்கள். நேரடியாக முடுக்கினால் தலை முறியும். முதலில் எல்லா ஸ்க்ரூவையும் பாதி முடுக்கி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் நேராக விழுகிறதா என்று பார்த்து, பிறகு முழுதாக இறுக்குங்கள்.

கீல் ஆடாமல், கதவு விரல் தள்ளலில் சாத்தும் நிலையில் இருந்தால் நடுத்தர விலைக் கைப்பிடியே பல ஆண்டு வரும். அது சரியில்லாத ஜன்னலில் விலை உயர்ந்த பித்தளையும் தோற்கும். கையில் குறைந்த பணம்தான் இருக்கிறதென்றால் முதலில் கீலுக்கும் ஸ்க்ரூவுக்கும் செலவழியுங்கள். மீதியில் கைப்பிடி வாங்குங்கள்.