அணியும் கவசத்துக்குள் மின்சுற்று

திரைப்படப் பாத்திரங்களின் தலைக்கவசம், கையுறை, முதுகுப் பொறி ஆகியவற்றை நகலெடுத்து அணிபவர்கள், அந்த நகல்களில் விளக்கு எரியவும் பாகங்கள் அசையவும் ஒலி எழவும் மின்னணுச் சுற்றுகளைப் பொருத்துகிறார்கள். 'அயர்ன் மேன்' (2008) படத்தின் கவசமும், 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (1984) படத்தில் முதுகில் சுமக்கும் புரோட்டான் பேக்கும், 'டிரான்: லெகசி' (2010) படத்தின் ஒளிரும் உடைகளும் பலரும் செய்து பார்ப்பவை. இவற்றில் அயர்ன் மேன் கவசத்தின் மேல்பாதியில் தலை, மார்பு, உள்ளங்கை மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஒளி, அசைவு, ஒலி, கட்டளை நான்கும் அதில் சேர்ந்தே வருவதால், இந்த வேலையின் சிக்கல்கள் அனைத்தையும் அதை வைத்தே விளக்கிவிடலாம்.

திரையில் ஒன்று, உடலில் ஒன்று

படப்பிடிப்புக்கு ஒரே பொருளைப் பல வடிவங்களில் செய்து வைப்பார்கள். அண்மைக் காட்சிக்கு நுணுக்கமான ஒன்று இருக்கும்; சண்டைக் காட்சிக்கு எடை குறைந்த, விழுந்தாலும் உடையாத ஒன்று இருக்கும். கேமரா ஓடும் சில நொடிகள் விளக்கு எரிந்தால் போதும். ஒலி பிறகு சேர்க்கப்படும். முகத்தகடு திறப்பதைக் கணினி வரைகலை பார்த்துக்கொள்ளும். நகலுக்கு இந்த வசதிகள் எதுவும் கிடையாது. ஒரே கவசம் எல்லாவற்றையும் பல மணி நேரம், கூட்டத்துக்கு நடுவே, வியர்க்கும் ஓர் உடலின் மேல் இருந்தபடி செய்தாக வேண்டும்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு காலணி சாட்சி. 'பேக் டு தி ஃபியூச்சர் பார்ட் 2' (1989) படத்தில் நாடா தானே இறுகியது படப்பிடிப்புத் தந்திரத்தால். நைக்கி நிறுவனம் 2011-இல் அந்தக் காலணியை 1,500 ஜோடிகள் தயாரித்து ஏலத்துக்கு விட்டபோது அதில் விளக்கு எரிந்தது, நாடா இறுகவில்லை. உண்மையிலேயே தானாக இறுகும் நாடா 2016-இல்தான், அதுவும் 89 ஜோடிகளில் மட்டும் வந்தது. திரையில் சில நொடி தெரிந்ததைக் காலில் அணியும்படி செய்ய 27 ஆண்டுகள் ஆயின.

ஆகவே திட்டம் தொடங்க வேண்டிய இடம் அணிபவரின் உடல். கவசத்தை அணிந்து, கையைத் தூக்கி, குனிந்து, தலையைத் திருப்பிப் பார்த்தால், உடலுக்கும் ஓட்டுக்கும் இடையே எங்கே வெற்றிடம் மிஞ்சுகிறது என்பது தெரியும். தலைக்கவசத்தில் அது பெரும்பாலும் தாடைக்கு இருபுறமும் பின்னந்தலைக்கு மேலும் அமையும். சுற்றை மேசையில் முடித்துவிட்டு அதற்கு இடம் தேடினால், கடைசியில் அது காதையோ மூக்கையோ அழுத்தும்.

ஒளி

கண்கள் பளிச்சென்று எரிய வேண்டும். அதே கண் வழியாக அணிபவர் வெளியே பார்க்கவும் வேண்டும். ஒளிரும் பால்நிறத் தகட்டின் ஊடே எதையும் பார்க்க முடியாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒளிரும் தகட்டைக் கண்குழியின் மேல்பகுதியில் மட்டும் வைத்து, அதன் கீழ் விளிம்பில் மெல்லிய பிளவு விடுவது ஒன்று. நிறமேற்றிய தெளிவான அக்ரிலிக் தகட்டுக்கு விளிம்பிலிருந்து ஒளி பாய்ச்சுவது மற்றொன்று. முதல் வழியில் கண் நன்றாக ஒளிரும், பார்வை குறுகும். இரண்டாவதில் பார்வை அகலும், ஒளி மங்கும். நிறைய நடக்க வேண்டியவர்களுக்கு இரண்டாவது ஏற்றது. எந்த வழியானாலும் எல்.இ.டி.க்குப் பின்னால் கறுப்புத் தடுப்பு வேண்டும். இல்லையென்றால் அந்த ஒளி அணிபவரின் கண்ணிலேயே விழுந்து, அரையிருட்டு அரங்கில் எதிரே இருப்பதை மறைத்துவிடும்.

வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3.2 வோல்ட்டில் இயங்கும். 5 வோல்ட் மின்வழங்கலில் ஒவ்வொன்றுக்கும் தொடராக 100 ஓம் மின்தடை கொடுத்தால் சுமார் 18 மில்லி ஆம்பியர் ஓடும். கண்களுக்கு அது போதும். ஒரே மின்தடையில் பல எல்.இ.டி.களை இணையாகக் கட்டினால் ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று மங்கலாகவும் எரிந்து, நாளடைவில் கூடுதலாக எரிவது முதலில் போய்விடும்.

மார்பு விளக்குக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே கட்டளையிடக்கூடிய டபிள்யூ.எஸ்.2812பி வகை எல்.இ.டி. வளையம் வசதியானது. முழு வெள்ளையில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 24 விளக்குகள் கொண்ட வளையம் என்றால் 1.4 ஆம்பியரைத் தாண்டும், சூடும் ஏறும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்திலேயே அது கண்ணைக் கூசவைக்கும் என்பதால் சுற்றுகளைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ என்னும் சிறு பலகையின் நிரலில் உச்ச வெளிச்சத்தைக் குறைத்து வைப்பது நல்லது. புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒளி பரவ, விளக்குக்கும் பால்நிறத் தகட்டுக்கும் இடையே ஒரு செ.மீ. அளவாவது இடைவெளி தேவை. ஓட்டின் உட்புறத்துக்குக் கறுப்பு பூசாமல் விட்டால், மெல்லிய பிளாஸ்டிக் வழியே ஒளி கசிந்து மார்பு முழுவதும் ஒளிரும். பாகங்களை ஒட்டிய பிறகு உள்ளே தூரிகை நுழையாது என்பதால் இந்தப் பூச்சை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

அசைவு

முகத்தகட்டைத் தூக்குவதற்குச் சிறிய சர்வோ மோட்டார்கள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்படும். தகட்டின் எடை 150 கிராம், அதன் எடை மையம் அச்சிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால் தேவைப்படும் திருப்புவிசை 1.2 கிலோ-செ.மீ. உலோகப் பற்சக்கரம் கொண்ட எம்.ஜி.90எஸ் சர்வோ 4.8 வோல்ட்டில் தரக்கூடிய உச்சம் ஏறத்தாழ 1.8 கிலோ-செ.மீ. இரண்டுக்கும் சேர்த்து 3.6. உச்சத்தில் பாதிக்குமேல் வேலை வாங்காமல் இருந்தால்தான் மோட்டார் நீடிக்கும். இந்தக் கணக்கு அதற்குள் அடங்குகிறது. சாயத்துக்கு மேல் சாயமும் பட்டிப் பூச்சும் ஏறும்போது தகட்டின் எடை சத்தமில்லாமல் கூடிவிடும் என்பதால், பூச்சு வேலை முடிந்த பிறகே எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

தகடு திறக்கும்போதெல்லாம் கண் விளக்கு அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால், நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு சர்வோக்களும் ஒரே நொடியில் மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து ஆர்டுயினோ பலகை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. சர்வோவுக்கான மின்சாரத்தைப் பலகையின் வழியே எடுக்காமல் பேட்டரியிலிருந்து நேரே எடுத்து, அருகே 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்து, எதிர்முனை வயர்களை மட்டும் பொதுவாக இணைத்தால் பெரும்பாலும் இது தீர்ந்துவிடும்.

இன்னொரு கோளாறு பலரையும் குழப்புவது. தகடு அசையும் நேரத்தில் மார்பு வளையமும் மின்னினால் சர்வோ நடுங்கும். ஆர்டுயினோ நானோ போன்ற சிறு பலகைகளில், டபிள்யூ.எஸ்.2812பி விளக்குகளுக்குத் தரவு அனுப்பும் நிரல் அந்தக் கணத்தில் மற்ற வேலைகளை நிறுத்திவைப்பதால் சர்வோ எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் மின்துடிப்புகள் பிசகுகின்றன. அசைவு நடக்கும்போது வளையத்தைப் புதுப்பிக்காமல் விடுவது, அல்லது இரண்டுக்கும் தனித்தனிப் பலகை வைப்பது என இரண்டில் ஒன்றைச் செய்யலாம். அசைவு முடிந்ததும் சர்வோவுக்கான துடிப்பை நிறுத்திவிட்டால் காதருகே கேட்கும் ரீங்காரமும் நின்றுவிடும். மூடிய நிலையில் தகட்டைப் பிடித்துவைக்கும் வேலையைச் சிறு காந்தங்களிடம் விட்டுவிடலாம்.

ஒலி

பதிவு செய்த ஒலிகளை இயக்க டி.எஃப்.பிளேயர் மினி என்னும் சிறு பலகை போதும். அது மைக்ரோ எஸ்.டி. அட்டையிலிருந்து எம்.பி.3 கோப்புகளை இயக்கும். ஸ்பீக்கரை இயக்கும் 3 வாட் ஆம்ப்ளிஃபையரும் அதிலேயே உண்டு. ஆர்டுயினோ பலகையிலிருந்து வரும் கட்டளை வயரில் 1,000 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்காவிட்டால் பின்னணியில் 'கிர்' என்ற இரைச்சல் கேட்கும். ஸ்பீக்கரைத் தலைக்கவசத்துக்குள் வைத்தால் அணிபவருக்குக் காது அடைக்கும். எதிரே நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. மார்பு ஓட்டில் முன்னோக்கிப் பொருத்தி, பின்புறத்தைச் சிறு பெட்டிபோல் மூடினால் அதே ஸ்பீக்கரின் ஒலி தெளிவாக வெளியே வரும்.

குரலை மாற்றி ஒலிக்கச் செய்வது இதைவிடக் கடினம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே ஓட்டுக்குள் இருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். மைக்கை உதட்டை ஒட்டி வைத்துப் பெருக்கத்தைக் குறைப்பதும், ஸ்பீக்கரை மார்புக்கு இறக்குவதும் பலன் தரும். தொடர்ந்து ஒலிப்பவை கூட்டத்தில் சலிப்பூட்டும். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் டார்த் வேடருக்காக ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் நீர்மூழ்குவோரின் மூச்சுக்கருவியைக் கொண்டு பதிவு செய்த மூச்சொலி திரையில் அச்சுறுத்தும். நகலில் அது இடைவிடாமல் ஓடினால் பத்து நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் விலகிவிடுவார். இடைவெளி விட்டு, அணிபவர் அழுத்தும்போது மட்டும் ஒலிப்பது நன்று.

கட்டளையும் மறுமொழியும்

கையுறை அணிந்த விரலால் தொடுதிரையையோ தொடு உணரியையோ இயக்குவது நம்பகமானதல்ல. குரல் கட்டளை வீட்டில் வேலை செய்யும், இரைச்சலான அரங்கில் செய்யாது. விரல் வளைவதை அளக்கும் வளைவு உணரி பார்க்க அழகானது. ஆனால் கையுறை சற்று நகர்ந்தாலே அதன் அளவு மாறுவதால் ஒவ்வொரு முறை அணியும்போதும் சரிபார்க்க வேண்டியிருக்கும். கட்டைவிரல் எட்டும் இடத்தில், ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தைத்த சாதாரண அழுத்துப் பொத்தான்தான் கடைசிவரை கைகொடுக்கிறது. குறுகிய அழுத்தத்துக்கு உள்ளங்கை விளக்கு, நீண்ட அழுத்தத்துக்கு முகத்தகடு என ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை கொடுக்கலாம். பொத்தானின் உலோகத் தொடுப்பு ஓர் அழுத்தத்தில் பலமுறை துள்ளும். நிரலில் 50 மில்லி விநாடி பொறுத்திருந்தால் அது ஒரே அழுத்தமாகக் கணக்காகும்.

அணிபவருக்குத் தன் கண்கள் எரிகின்றனவா என்பது தெரியாது என்பது பலருக்கு முதல் நாள் அரங்கில்தான் உறைக்கும். எதிரில் இருப்பவரிடம் கேட்டால் வேடம் கலைந்துவிடும். கவசத்தின் உள்விளிம்பில் மங்கலான சிவப்பு எல்.இ.டி. ஒன்றோ, மணிக்கட்டில் சிறு அதிர்வு மோட்டார் ஒன்றோ இருந்தால் கட்டளை போய்ச் சேர்ந்தது உடனே தெரியும்.

பாகங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்போதுதான் கவசம் உயிருள்ளதுபோலத் தோன்றும். கையைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினால் உள்ளங்கை ஒளிர்ந்து, அதே கணம் மார்பு விளக்கு சற்று மங்கினால், மின்சாரம் அங்கிருந்து இங்கே பாய்ந்ததாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். தகடு திறப்பதற்கு முன் கண் அணைவதும், மூடிய பின் இரண்டு முறை மினுக்கி நிலைப்பதும் இதே வகை. ஆனால் விநாடிக்கு மூன்று முறைக்குமேல் மினுக்கும் பளீர் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். அதேபோல், 'பிரிடேட்டர்' (1987) படத்தின் வேற்றுக்கிரகவாசி குறிபார்க்கும் மூன்று சிவப்புப் புள்ளிகளுக்கு உண்மையான லேசரைப் பொருத்தினால் எதிரில் இருப்பவரின் கண்ணுக்குக் கேடு, சிவப்பு எல்.இ.டி.யே போதும்.

மின்சாரமும் வயரும்

லித்தியம் பேட்டரியைத் தலைக்கவசத்துக்குள் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். இடுப்பில் ஒரு பவர் பேங்க், அங்கிருந்து மார்புக்கும் தலைக்கும் வயர் என்பது பாதுகாப்பான ஏற்பாடு. 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் உள்ள ஆற்றல் 37 வாட்-மணி. மாற்ற இழப்பு போக 5 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர்-மணி கிடைக்கும். கவசத்தின் சராசரித் தேவை 0.7 ஆம்பியர் என்றால் எட்டு மணி நேரம் தாங்கும். தேவை மிகக் குறைந்தால் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். மார்பு விளக்கை ஓய்விலும் மங்கலாக எரிய விடுவது இதற்கு எளிய மருந்து.

பாதியில் நின்றுபோகும் கவசங்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பலகை நன்றாகவே இருக்கும், போயிருப்பது இணைப்பு. சோதனைப் பலகையில் செருகும் தளர்வான வயர்கள் நான்கு படி இறங்குவதற்குள் கழன்றுவிடும். ஒற்றைக் கம்பி வயர், மடங்கி மடங்கி உள்ளே முறியும். பல இழைகள் கொண்ட சிலிக்கோன் உறை வயரும், பூட்டிக்கொள்ளும் இணைப்பானும், பற்றவைத்த இடத்துக்கு அருகே வயரை ஓட்டோடு கட்டிவைப்பதும் தேவை. கழுத்தில் மட்டும் இணைப்பு எளிதில் கழல வேண்டும். யாராவது தலைக்கவசத்தைச் சட்டென்று தூக்கினாலும் வயர் அறுந்துவிடக் கூடாது.

வெப்பம், வியர்வை, பயணம்

மூச்சுக்காற்றின் ஈரம் முதலில் கண் தகட்டை மூடும். தாடைப் பக்கத்திலிருந்து காற்றை வெளியே இழுக்கும் சிறு விசிறி இதைக் குறைக்கும். பலகைகளின் கீழ்ப்புறத்துக்கு ஈரம் தடுக்கும் பூச்சு கொடுத்து, உடலைத் தொடாமல் நுரைத்துண்டின் மேல் வைக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பிற்பகல் இருந்தால், சர்வோ பொருத்திய தாங்கி வளைந்து தகடு நேராக மூடாது.

விமானப் பயணத்தில் பவர் பேங்கும் தனி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் போக வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டும்படி சுற்றின் மூடியைத் திருகாணியால் பூட்டுவது நல்லது. பசையால் ஒட்டினால் சோதனைச் சாவடியிலும் சிக்கல், பழுது பார்க்கும்போதும் சிக்கல்.

சோதனை

மேசையில் வேலை செய்தது உடலில் வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. முழுக் கவசத்தையும் அணிந்து ஒரு மணி நேரம் நடந்து, படியேறி, உட்கார்ந்து எழுந்த பிறகே சுற்றை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். வெளியே போகும்போது உதிரி வயர், காப்பு நாடா, சிறு திருப்புளி, இரண்டாவது பவர் பேங்க், கூட வரும் ஒரு துணையாள் ஆகிய ஐந்தும் தேவை. இவ்வளவும் இருந்தும் மின்சாரம் போகும் நாள் வரும். அன்று முகத்தகடு கையால் தள்ளினாலே திறக்க வேண்டும், அணிபவரால் பார்க்கவும் மூச்சுவிடவும் முடிய வேண்டும். காந்தத்தால் நிற்கும் தகடும், விளக்கை நம்பாத பார்வைப் பிளவும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற்றால் அது தானாக அமைந்துவிடும்.