பழைய கீபோர்டும் புதிய கணினியும்: பேச்சு எங்கே நின்றது?

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ பஜனைக் குழுவின் அறையிலோ 25, 30 ஆண்டுப் பழைய இசைக் கீபோர்டு ஒன்று இருக்கலாம். அதை மடிக்கணினியுடன் இணைத்துப் பாடல் பதிவு செய்யப் பார்க்கிறீர்கள். சத்தமே இல்லை. "பழசாகிவிட்டது, வீசிவிடு" என்று யாராவது சொல்வார்கள். 1970களிலிருந்தே மின்னணுத் தொழிற்சாலைகளைக் கண்ட சுங்கை வே வட்டாரத்தில் வாழும் நாம், ஆராயாமல் ஒரு கருவியைக் குப்பையில் போடலாமா?

கீபோர்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஐந்து துளைகள் கொண்ட வட்டமான சாக்கெட் இருந்தால், அதுதான் மிடி. 1983இல் அமெரிக்காவின் சீக்குவென்ஷியல், ஜப்பானின் ரோலண்ட் ஆகிய போட்டி நிறுவனங்களின் கீபோர்டுகள் இதன்வழி ஒன்றோடொன்று பேசின. 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன் படத்தின் இசையில் இளையராஜா பயன்படுத்திய சீக்குவென்சர் கருவிகளும் இந்தக் காலத்தவைதாம்.

மிடி கேபிளில் ஒலி செல்வதில்லை. கட்டளை எண்கள் மட்டுமே செல்கின்றன. நடு 'சி' கட்டையை அழுத்தினால் 144, 60, 100 போன்ற மூன்று எண்கள் புறப்படும். 144 என்றால் 'முதல் சேனலில் ஒலியைத் தொடங்கு'. 60 என்பது கட்டையின் எண். 100 என்பது அழுத்திய வேகம். இந்த எண்கள் இன்றும் மாறவில்லை. ஆகவே, பழைய கீபோர்டு பேசும் மொழி புதிய கணினிக்கும் புரியும். தடை வழியில்தான் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க, தொடக்கப்பள்ளியில் படித்த மாறிகளை நினைவுகூருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றை அப்படியே வைத்திருங்கள்.

முதல் சோதனை: மிடியை யு.எஸ்.பி.யாக மாற்றும் அடாப்டரில் சிறு விளக்கு இருக்கும். கட்டையை அழுத்தும்போது அது மின்னுகிறதா? மின்னினால், செய்தி அடாப்டர்வரை வந்துவிட்டது; குறை கணினிப் பக்கம். மின்னாவிட்டால், குறை கேபிள் பக்கம். ஒரே சோதனையில் பாதி வேலை முடிந்தது.

விளக்கு மின்னாவிட்டால்: கீபோர்டின் 'அவுட்', அடாப்டரின் 'இன்' பக்கம் சேர வேண்டும். இரு செருகிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். பயம் வேண்டாம். மிடி 'இன்' சாக்கெட்டின் உள்ளே ஓர் எல்.இ.டி.யும் ஓர் ஒளி உணரியும் உள்ளன. செய்தி ஒளியாகத் தாண்டுகிறது. இரு கருவிகளின் மின்சுற்றுகளும் நேரடியாகச் சேர்வதில்லை.

விளக்கு மின்னினால்: மென்பொருளின் அமைப்பில் அந்த அடாப்டரைத் தேர்ந்தெடுத்தீர்களா? சேனல் எண் பொருந்துகிறதா? மிடியில் 16 சேனல்கள் உண்டு. கீபோர்டு 1இல் அனுப்ப, மென்பொருள் 2ஐ மட்டும் கேட்டால் மௌனம்தான். ஒரே சுரம் இரட்டையாகக் கேட்டால், கீபோர்டில் 'லோக்கல் கன்ட்ரோல்' வசதியை நிறுத்துங்கள்.

இன்னொரு சிக்கல் டிரைவர். 2000களில் வந்த சில கீபோர்டுகளில் யு.எஸ்.பி. சாக்கெட்டும் உண்டு. ஆனால் அதற்கு நிறுவனத்தின் தனி டிரைவர் தேவை. புதிய கணினிக்கு அந்த டிரைவர் கிடைக்காவிட்டால் சாக்கெட் பயனற்றது. அதே கீபோர்டின் ஐந்து துளைச் சாக்கெட்டோ, டிரைவர் கேட்காத அடாப்டர் வழியாக இன்றும் வேலை செய்யும். பிந்தி வந்தது முந்திச் செயலிழந்தது ஏன்? ஒன்று ஒரே நிறுவனத்தை நம்பியது. மற்றொன்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட பொதுத் தரம்.

கட்டையை அழுத்திய பின் ஒலி தாமதமாக வருகிறதா? கணக்கிட்டுப் பாருங்கள். மிடியின் வேகம் வினாடிக்கு 31,250 பிட். மூன்று எண்களுக்கு 30 பிட். 30 ÷ 31,250 = 0.00096 வினாடி, ஏறக்குறைய 1 மில்லிவினாடி. இதைக் காது உணராது. கணினியின் ஒலி 'பஃபர்' 2,048 மாதிரிகளாக இருந்தால், வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், தாமதம் 46 மில்லிவினாடி. குற்றவாளி பழைய கேபிள் அல்ல, பஃபரைக் குறையுங்கள்.

பயிற்சி: பஃபரை 256 ஆக்கினால் தாமதம் எவ்வளவு?

(விடை: ஏறக்குறைய 5.8 மில்லிவினாடி)