நெடும்பயணத்துக்கு முந்தின நாள்



சென்னையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் குடும்பத்தோடு காரில் செல்பவர் முந்தின நாளே பார்த்துவிட வேண்டியவற்றுள் முதலாவது டயர். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அது பிடிக்காவிட்டால் நல்ல பிரேக்கும் உதவாது.

காற்றழுத்தம் ஒவ்வொரு காருக்கும் வேறு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கும். ஆளும் பெட்டியும் நிறைந்திருக்கும்போது எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பங்க்கில் காற்றடிப்பவர் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் சொல்ல வேண்டியது அதைத்தான். டயர் ஆறியிருக்கும்போது அளப்பதே சரி. ஓடிச் சூடேறிய டயர் அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியபின் குறைந்துபோகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடாகிறது. சித்திரை வெயிலில், நான்குவழிச் சாலை வேகத்தில், பாரமும் சேர்ந்தால் வெடிக்கிறது. பழியை வெயிலின்மேல் மட்டும் போடுவது சரியல்ல.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் உண்டு. ரப்பர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். வயதும் முக்கியம். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அதிகம் ஓடாத காரின் டயர் தேயாமலே முதுமையடைந்திருக்கும். பார்வைக்குப் புதிது போலிருப்பதால் ஏமாந்துபோவது எளிது. ஸ்டெப்னிக்கும் இதே சோதனை வேண்டும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிபவர் அப்படியே டயரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

கூலன்ட், பிரேக் ஆயில், வைப்பர், விளக்குகள் ஆகியவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது; கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

காருக்குள்ளே தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் போதும், கார் நிற்காது. ஓட்டுபவரின் காலடியில் எதுவும் கிடக்கலாகாது. நழுவும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கும் சீட் பெல்ட் கட்டாயம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, விலை உயர்ந்த காரின் பின் இருக்கையில் பெல்ட் போடாமல்தான் அமர்ந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பே அல்ல. மோதலின் வேகத்தை எந்தத் தாயின் கையாலும் தாங்க முடியாது.

இவையெல்லாம் செலவு செய்தால் சரியாகிவிடும். ஓட்டுபவரின் தூக்கத்துக்கு அப்படி ஒரு வழியில்லை. அலுவலகம் முடிந்து வந்து, பெட்டி கட்டி, "ராத்திரி ரோடு காலியா இருக்கும்" என்று பதினொரு மணிக்குக் கிளம்புவது நம் ஊர்களில் பழகிப்போன வழக்கம். மிக ஆபத்தான வழக்கமும் அதுவே. நள்ளிரவு இரண்டு மணிக்கும் விடியற்காலை ஆறு மணிக்கும் இடையில் உடல் தூக்கத்தைக் கேட்டே தீரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கண் நான்கு நொடி மூடினால், கார் 110 மீட்டருக்கு மேல் யாரும் ஓட்டாமலே ஓடியிருக்கும். பாட்டும் ஜன்னல் காற்றும் தூக்கத்தை விரட்டுவதில்லை. டீ கொஞ்ச நேரம் தாங்கும். சளி, அலர்ஜிக்குப் போடும் சில மாத்திரைகளும் கண்ணைச் செருகவைக்கும் என்பதால் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து, காலை ஐந்து மணிக்குப் புறப்படுபவர் திருச்சியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாவிட்டாலோ, அடுத்த பங்க்கிலேயே காரை நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவதுதான் வழி. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தக் கூடாது; பின்னால் வரும் லாரி ஓட்டுநரும் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கலாம். கார் பழுதாகி ஓரத்தில் நின்றே தீர வேண்டுமென்றால், நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு 1033-ஐ அழைக்க வேண்டும், அடிபட்டிருந்தால் 108.